வாய்ப்புண்ணும் வெள்ளை அணுக்களும்

தம்பதிகளே! வாயில் வந்த புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிகிறதா? "சுண்ணாம்புல வாய் வெந்துபோச்சு, தானா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். ஓர் அம்மா புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் ஆறு மாதம் மறைத்துவைத்துவிட்டு என்னிடம் வந்தார். கணவன் வாயை மனைவியும், மனைவி வாயைக் கணவனும் வெளிச்சத்தில் பார்ப்பதில் என்ன வெட்கம்?

டாக்டர் புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார். "கத்தி பட்டா பரவிடும்" என்பது வீண் பயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்று அணுக்களோடு, நம் உடம்பின் காவலாட்களான லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் தெரியும். களை பறிக்க வந்த ஆட்கள் வயலுக்குள் இறங்குவதுபோல அவை கட்டிக்குள் நிறையப் புகுந்திருந்தால், நோயாளி தேறும் வாய்ப்பு பொதுவாக அதிகம். வரப்பிலேயே நின்றுவிட்டால் வாய்ப்புக் குறையும். ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை மிகுந்து, லிம்போசைட் குறைந்திருந்தால் நோய் கடுமையாக இருக்கலாம். ஆனால் சாதாரணக் காய்ச்சலிலும் நியூட்ரோபில் ஏறும். லேப் சீட்டைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். கட்டி எவ்வளவு பெரிது, கழுத்து நெறிக்குப் பரவியதா என்பதைத்தான் டாக்டர் முதலில் பார்ப்பார்.

காவலாட்கள் எத்தனை பேர் இருந்தாலும், புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டே இருந்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அடையாற்றில்தான் இருக்கிறது. தாம்பரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கினால் பஸ் உண்டு. இருவருமாகச் சேர்ந்து போங்கள்.