இரண்டு அம்மாக்கள், ஒரு எல்.கே.ஜி. படிவம்: சட்டம் என்ன சொல்கிறது?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. காபி, மிளகு, படகு சவாரி, கோடை விழா. அதோடு, ஸ்கூலுக்கும் பேர் போன ஊர். மான்ஃபோர்ட் பள்ளி 1917-லேயே வந்துவிட்டது.

இந்த மலையில் ஒரு குழந்தையை எல்.கே.ஜி.யிலோ பால்வாடியிலோ சேர்க்க, இணையராக வாழும் இரண்டு பெண்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'தந்தை பெயர்' கட்டத்தில் என்ன எழுதுவது?

பதில் தேட மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்களைக் 'காணவில்லை' என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்பு கேட்டுப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு வேண்டும் என்று உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நம்ம ஊர் நீதிமன்றங்களில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை இது. 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் பள்ளிகளுக்கும் ஒரு பகுதி இருந்தது: பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், பாடத்திட்டத்தை மாற்றுங்கள், எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை வையுங்கள், புரிதல் உள்ள ஆலோசகரை நியமியுங்கள்.

சிக்கல் என்னவென்றால், உத்தரவு சொல்வது 'பள்ளி, கல்லூரி'. அங்கன்வாடியோ சமூக நலத் துறையின் கீழ் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை கண்ணில் படவே இல்லை.

அதே வருடக் கடைசியில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு வெளியிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும், சில நாளிலேயே அது இணையதளத்தில் இருந்து காணாமல் போனது. உயர் நீதிமன்றம் இதற்கு அதிருப்தி தெரிவித்தது.

"எல்.கே.ஜி. புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வயதில் யாரும் பாலுறவுப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. இங்கே இருப்பது குடும்பப் பாடம். சார்ட்டில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி. அப்பா வெளியூர் வேலைக்குப் போய், பாட்டி வளர்க்கிற குழந்தை அந்தப் படத்தில் எங்கே நிற்கும்? இரண்டு அம்மாக்கள் வீட்டுக் குழந்தையும் அதே இடத்தில்தான் முழிக்கும். சார்ட்டில் பாட்டிக்கு இடம் கொடுக்கிற டீச்சருக்கு இன்னொரு அம்மாவுக்கும் இடம் கொடுப்பது பெரிய வேலை இல்லை. சொப்புச் சாமான் எடுக்கிற பையனிடம் "பொம்பளப் புள்ளையாடா நீ?" என்று கேட்காமல் இருப்பதற்கு சர்க்குலரும் தேவையில்லை.

சரி, படிவம்? திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது அம்மாவுக்குக் கட்டமே கிடையாது. தனியாக வாழும் பெண் தத்தெடுக்கலாம். ஜோடியாக என்றால் குறைந்தது இரண்டு வருடத் திருமண வாழ்க்கை வேண்டும் என்கிறது விதி. தன்பாலினத் திருமணத்தை 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்க மறுத்தது. தத்து விதியையும் 3-2 என்ற கணக்கில் அப்படியே விட்டது.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு பெண் ஜோடி வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்றது. குடும்பம் என்று ஏற்றாயிற்று. பெற்றோர் என்று இன்னும் இல்லை. அதனால் மாலையில் குழந்தையைக் கூப்பிட இரண்டாவது அம்மா கேட்டில் வந்து நின்றால், கையில் முதல் அம்மா எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். டிரைவர் அண்ணாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எழுதித் தருகிற அதே கடிதம்.