தூசியற்ற கூடமும் அதில் உழைப்போரும்

மண்ணின் ஈரத்தை அறிய ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிசைந்து பார்ப்பது நம் உழவரின் வழக்கம். அதே செய்தியை எண்ணாகத் தெரிவிக்கும் உணர்விகள் இன்று உள்ளன. இரு உலோகத் தகடுகளுக்கிடையே வெற்றிடம் இருக்கும்போது சேரும் மின்னூட்டத்தைப்போல், நீர் இருப்பின் சுமார் 80 மடங்கு சேரும். உலர்ந்த மண் இருப்பின் சில மடங்கே சேரும். இவ்வேறுபாட்டை அளந்து ஈரம் கணிக்கப்படுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்ற ஆராய்ச்சியின் பயனாக இத்தகைய கருவி ஒன்று உருவாகி வயலுக்கும் வந்துள்ளது.

உணர்விகளைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்யும் வழிகளைக் காண்பது நானோமின்னணு ஆராய்ச்சிச்சாலைகளின் பணிகளுள் ஒன்றாகும். 1 நானோமீட்டர் என்பது 1 மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இவ்வளவு நுண்ணிய வேலைக்குத் தூசியே முதற்பகை.

கூடத்தில் யார் யார்?

ஆகவே இவ்வேலை தூசியற்ற கூடத்தில் நடைபெறுகிறது. ‘100-ஆம் வகுப்பு’க் கூடத்தில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 100-க்கு மிகலாகாது. உள்ளே செல்வோர் தலைமுதல் கால்வரை மூடிய உடை அணிவர். இவ்வுடை பெரும்பாலும் மனிதனைக் காப்பதற்கன்று. மனிதன் உதிர்க்கும் துகள்களிலிருந்து சிலிக்கன் தகட்டைக் காப்பதற்கேயாம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பேராசிரியர், மாணவர் பெயர்களே பெரிதும் காணப்படும். ஆயினும், கூடத்தை நாள்தோறும் இயங்கச் செய்வோர் வேறு பலர். வெற்றிடப் பம்புகளைப் பழுது பார்ப்போர், நீரைத் தூய்மைப்படுத்துவோர், வாயு உருளைகளைக் கண்காணிப்போர் ஆகியோரின் கவனம் ஒரு கணமும் தளரலாகாது. சிலேன் வாயு காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றவல்லது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலை ஊடுருவி எலும்பையும் தாக்கவல்லது. பட்டயப் படிப்பு முடித்த திறமைசாலிகளுக்கு இங்கே உரிய இடமுண்டு. மின்னணுவியல் பயின்றோருக்கு மட்டுமே உரிய துறை இது என்பதும் சரியன்று. வாயுவை உணரும் படலத்தைச் செய்ய வேதியியலாரும், நோயறி உணர்விக்கு உயிரியலாரும், வளையும் நுண்விட்டங்களை அமைக்க இயந்திரவியலாரும் வேண்டும்.

வெளியூர் மாணவருக்கும் வாயில் உண்டு

இத்தகைய கூடம் அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். எல்லாக் கல்லூரிகளுக்கும் இது இயலாது. இக்குறையை உணர்ந்தே, 2006-ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் நானோமின்னணு மையங்களை நிறுவ உதவிய மத்திய அரசு, 2008-இல் ‘இந்திய நானோமின்னணுப் பயனாளர் திட்ட’த்தைத் தொடங்கிற்று. 2021-இல் இத்திட்டம் புதிய வடிவம் பெற்று, சென்னை உள்ளிட்ட வேறு சில இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் விரிந்தது. முதலில் அறிமுக வகுப்பு; பின்னர் கருவிகளில் நேரடிப் பயிற்சி; தகுதியான ஆராய்ச்சித் திட்டம் தருவோருக்குக் கூடத்தையே பயன்படுத்தும் வாய்ப்பு என அது படிப்படியாக அமைந்துள்ளது.

எனினும் அறியாதவருக்குத் திறந்த வாயிலும் மூடிய சுவரே. “நம் கல்லூரியில் கருவி இல்லை” என்னும் ஒரு சொல்லால் எத்தனையோ மாணவரின் ஆர்வம் முளையிலேயே கருகிவிடக்கூடும். இதைத் தடுக்க வல்லவர் ஆசிரியரே. மாணவரின் வினாவைத் திட்டமாக எழுதச் செய்து விண்ணப்பிக்கத் தூண்டுவது அவர்தம் கடமையாகும்.

களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. ஆராய்ச்சிச்சாலையில் சோதிக்கும் மண் சலித்தெடுத்த மண். வயலிலோ உவர்ப்பும் களியும் கடும் வெயிலும் உண்டு. உவர்ப்பு மிகுந்த நிலத்தில் ஈர உணர்வி பிழையான அளவைக் காட்டக்கூடும். எந்த நிலத்தில், எந்நாளில், எவ்வளவு பிழை நேர்ந்தது எனக் களத்தில் குறித்தனுப்பும் குறிப்பே கருவியைத் திருத்த வழிகாட்டும். தூசியற்ற கூடத்தில் பிறக்கும் கருவி, புழுதி நிறைந்த வயலில் தேர்ச்சி பெற்றாலன்றி நாட்டுக்குப் பயன்படாது.