கைப்பேசியும் குடியானவரின் ஜாக்கிரதையும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களில் பாலாற்றை ஒட்டிய கிராமங்களில் கைப்பேசி இல்லாத குடியானவர் இக்காலத்தில் அரிது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணமும், 2019-ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்திற்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் சேருகின்றன. அக்கணக்கின் சாவி கைப்பேசியே. ஆகையால் திருடன் கன்னம் வைக்க இரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மேற்படி திட்டத்தின் பெயராலேயே மோசம் நடந்து வருகிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு 2024-ஆம் ஆண்டில் இதைக் குறித்து எச்சரித்தது. வாட்ஸ்அப் வழியாகப் 'பி.எம். கிசான்' என்னும் பெயருடன் ஒரு செயலி வரும். அதை நிறுவிக் கேட்ட அனுமதிகளைக் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்திகள் யாவும் மோசக்காரர் கண்ணில் படும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் அவர்களுக்கே முதலில் கிட்டும். ஆதலால் அறிந்தவர் பெயரில் வந்தாலும் இவ்வித செயலியைத் தொடலாகாது. சந்தேகமிருப்பின் வேளாண்மை அலுவலரையோ இ-சேவை மையத்தையோ நேரில் விசாரிப்பதே உத்தமம்.

தேங்காய்க்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி, இரகசிய எண்ணை அழுத்தச் சொல்லுவாரும் உண்டு. பணம் கொடுப்பதற்கே அவ்வெண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இதை வீட்டிலுள்ள யாவரும் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஏமாந்து போனால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே பேசி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி வெளியேறுமுன் அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். ஏரிக்கரை உடைப்பை ஆரம்பத்திலேயே அடைப்பது எளிது. பொழுது விடிந்து பார்ப்போமென்றால் ஏரியில் தண்ணீர் இராது.

பொருட்சேதத்தினும் கொடியது உயிர்ச்சேதம். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டும் கைப்பேசி ஸ்டார்ட்டர்கள் பெருகியுள்ளன. ஒருவர் கிணற்றடியில் மோட்டாரைப் பழுது பார்க்கையில், மற்றொருவர் அறியாமல் அதை ஓடவிடலாம். தானியங்கி முறையில் வைத்திருந்தால், போன மின்சாரம் திரும்பியதும் அது தானே ஓடத் தொடங்கும். எனவே மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொண்ட பிறகே மோட்டாரைத் தொட வேண்டும். கைப்பேசியில் 'நிறுத்து' என்று அழுத்தியது போதுமென்று நம்புதல் அபாயம். மோட்டார் கொட்டகையில் ஈரக்கையுடன் கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்வதும் ஆகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்விஷயங்களைக் கிராமசபையில் எடுத்துக் கூறுவதுடன், 1930 என்னும் எண்ணைப் பால் சங்கச் சுவரில் பெரிதாக எழுதுவித்தால் பேருதவியாகும். பணத்தைப் பறிகொடுத்துத் திகைத்து நிற்பவருக்கு அவ்வெண்ணைத் தேடிப்பிடிக்க அவகாசம் இராது.