ஈரக்காற்றும் நுண்கருவிகளும்

மழையில் நனைந்தால் கருவி கெடும் என்பதைச் சிறுவரும் அறிவர். மழைத்துளி ஒன்றும் படாமலே கருவி நனையக்கூடும் என்பதையோ கற்றவரிற் பலரும் நினைப்பதில்லை. நாமும் நினையாதிருந்தோம். அதனால் அடைந்த நஷ்டமே இதனை எழுதத் தூண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி மாதத்தில், படகோட்டிகள் பாடும் வஞ்சிப்பாட்டுக்களைப் பதிவுசெய்யக் கருதி, மாணவர் சிலருடன் சென்னையினின்று ஆலப்புழைக்குச் சென்றோம். இரவு முழுதும் குளிர்சாதன வண்டியிற் பிரயாணம். காலையில் இறங்கியதும் ஒலிப்பதிவுக் கருவியை உறையினின்று எடுத்தோம். கணப்பொழுதில் அதன்மேல் நீர் பூத்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அவசரமாய் விசையை அழுத்தினோம். சிறிது நேரம் எரிந்த விளக்கு அணைந்தது; பின்னர்க் கருவி இயங்கவேயில்லை. நமக்காகக் காத்திருந்த முதியவர் பாடினார். கேட்டு மகிழ்ந்தோம், பதிவுசெய்ய இயலவில்லை. மறு ஆண்டு சென்றபோது அவர் உயிரோடில்லை.

நிகழ்ந்தது யாது? வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியிலோ 17 கிராமே. 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றில் ஈரம் நூற்றுக்கு 80 பங்கு இருக்குமாயின், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழ்க் குளிர்ந்துள்ள எப்பொருளின்மீதும் அவ்வாவி நீராய்ப் படியும். குளிர்ந்த நீருள்ள செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதும் இதனாலேயே. கருவியின் புறத்தே படிந்ததைத் துடைக்கலாம். துளைகளின் வழியே உட்புகுந்து படிந்ததைத் துடைப்பது எங்ஙனம்?

தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது; தூசியும் உப்பும் கரைந்த நீரோ கடத்தும். விசையை அழுத்தியதும் மின்சாரம் செல்லத்தகாத வழியிற் சென்று, நெருங்கியமைந்த மெல்லிய செப்புக் கோடுகளை அரிக்கின்றது. ஆதலின் நம் கருவியைக் கெடுத்தது நீர் மட்டுமன்று. நமது அவசரமும் ஆம்.

ஈரத்தின் மற்றொரு தீங்கு பூஞ்சணம். அது காமிராவின் கண்ணாடிமேல் நூல்போற் படர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் அதன் பூச்சை அரிக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் (1939–1945) பர்மா, நியூகினி முதலிய இடங்களின் காடுகளில் வானொலிக் கருவிகள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் பழுதுற்றமையின், அவற்றின் உட்பாகங்களிற் காப்பு வார்னிஷ் பூசும் வழக்கம் ஏற்பட்டது.

இனிப் பிரயாணிகள் கைக்கொள்ளத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, குளிர்ந்த அறையினின்றோ வண்டியினின்றோ வெளிப்படுமுன், கருவியைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு, உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுக. வெளியே வந்தபின் ஒரு மணி நேரமேனும் திறவாதிருக்க. நீர் பையின்மேற் படியும், கருவியின்மேற் படியாது.

இரண்டாவது, இறுக மூடும் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் கருவியை வைக்க. திறந்த பையிலிட்ட பொட்டலம் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்ச முயன்று விரைவிற் பயனற்றுப்போம். நிறம் மாறும் வகையாயின், மாறியதும் மணிகளைச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம்.

மூன்றாவது, தோலுறையிலும் துணியுறையிலும் நெடுநாள் வைத்தலாகாது. அவை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பூஞ்சணத்துக்கு இடந்தரும்.

நான்காவது, கருவி நனைந்துவிடின் உடனே நிறுத்துக, கழற்றக்கூடிய பாட்டரியைக் கழற்றுக, மின்னேற்றம் செய்யற்க. துடைத்து மின்விசிறிக் காற்றில் நன்கு உலரவிடுக. அரிசியிற் புதைக்கும் வழக்கத்தால் தவிடும் மாவும் துளைகளிற் புகுமேயன்றி வேறு நன்மை சிறிது.

இவற்றிற்கு வேண்டும் பொருட்செலவு அற்பம், வேண்டுவது பொறுமையே. பழுதான கருவிக்குப் பதிலாக வேறொன்று வாங்கினோம். அன்று ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் அம்முதியவரின் குரலை எங்குச் சென்று வாங்குவோம்?