அவுட்போர்டு மோட்டாரின் பற்சக்கரப் பெட்டி: பொருத்தத்தை அளந்தறிதல்

கேரளக் கரையோர வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டார் பரவத் தொடங்கியது 1980-களின் முற்பகுதியில் ஆகும். அம்மாநிலத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவலைத் தொழில் தடை செய்யப்பட்டு வருகிறது. மரபுவழி வள்ளங்களுக்கு அத்தடை இல்லை. ஆகவே, கடல் கொந்தளிக்கும் மாதங்களிலேயே இம்மோட்டார்களுக்கு வேலை மிகுதி. அலை உடையுமிடத்தைக் கடக்கும்போது சுழல்விசிறி நின்றுவிட்டால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும்.

இவ்வாறு நிற்பதற்கு எஞ்சின் மட்டுமே காரணமன்று. நீரில் மூழ்கியிருக்கும் பற்சக்கரப் பெட்டியும் காரணமாகலாம். புதிய பற்சக்கரம் மாட்டிய சில வாரங்களிலேயே மீண்டும் பல் உடைந்தால், சக்கரம் தரமற்றது என்று கடைக்காரரைக் குறை கூறுவது வழக்கம். அதற்கு முன் பொருத்தம் சரியாக அளக்கப்பட்டதா என்று கேட்பதே முறை.

இப்பெட்டியின் அமைப்பு எளியது. எஞ்சினிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் நுனியில் பினியன் எனப்படும் சிறு கூம்புப் பற்சக்கரம் உள்ளது. கிடையாக உள்ள விசிறித் தண்டின்மீது முன்னோட்டத்துக்கு ஒன்றும் பின்னோட்டத்துக்கு ஒன்றுமாக இரு பெரிய சக்கரங்கள் எதிரெதிரே நின்று, இரண்டும் பினியனோடு எப்போதும் கவ்விச் சுழல்கின்றன. பினியனில் 13 பற்களும் பெரிய சக்கரத்தில் 27 பற்களும் இருக்குமாயின், எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும்போது விசிறி சுமார் 2,400 முறை சுழலும். வள்ளத்தை முன்னே தள்ளும் விசை முழுவதும் முன்சக்கரத்தின் பேரிங்கு வழியாகவே பெட்டியைச் சென்றடைகிறது.

பெட்டியைத் திறக்குமுன் எண்ணெயை வடித்துப் பார்த்தல் வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது தெளிவு. வலையின் நைலான் இழை விசிறிக்குப் பின்னே தண்டில் சுற்றி, எண்ணெய் அடைப்பு வளையத்தை அறுத்துவிடுவது இதற்குப் பெரிதும் காரணமாகிறது. அடைப்பு வளையம் உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பேரிங்குகளைக் கழுவி உலர்த்திய பின் வெளிச்சத்தில் சோதித்தல் வேண்டும். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றிப் பார்ப்பது எண்ணெயற்ற உருளைகளைக் கெடுக்கும் பழக்கமாகும். உருளை ஓடும் பாதையில் சிறு குழிகள், துருப்புள்ளிகள், வெப்பத்தால் ஏறிய நீல நிறம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அந்தப் பேரிங்கைக் கழித்துவிட வேண்டும். வெளிவளையத்தின் புறப்பரப்பு பளபளவென்று தேய்ந்திருப்பின், அது தன் இருக்கையில் சுழன்றுள்ளது என்று பொருள். அப்போது இருக்கையைப் புள்ளியுளியால் குத்தி, மேடு எழுப்பி இறுக்குவது பட்டறைகளில் காணப்படும் ஓர் உபாயம். அம்மேடுகள் விரைவில் நசுங்கிவிடுவதோடு, வளையமும் நடுவிலிருந்து விலகி நிற்கும்.

இருக்கை சரியாக இருந்தால் புதிய வளையத்தைச் சுத்தியலால் அடித்துச் செலுத்த வேண்டியதில்லை. ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய இருக்கையின் வெப்பம் 70 பாகை செல்சியஸ் உயர்ந்தால், விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர் கூடும். கொதிநீர் ஊற்றியே இவ்வெப்பத்தைப் பெறலாம். தீச்சுடரை நேராகக் காட்டலாகாது.

இனி, பற்சக்கரங்களின் நிலை. பினியனின் உயரமும், அதன்பின் பெரிய சக்கரங்களின் இடமும் 'ஷிம்' எனப்படும் மெல்லிய தகடுகளால் திருத்தப்படுகின்றன. வரிசை மாறலாகாது. கவ்வும் பற்களிடையே விடப்படும் சிறு இடைவெளியைத் தொழிலாளர் 'பேக்லாஷ்' என்பர். அது குறைந்தால் சூட்டில் விரிந்த பற்கள் எண்ணெய்ப் படலத்தைப் பிதுக்கிவிடும். மிகுந்தால் ஒவ்வோர் ஓட்ட மாற்றத்திலும் பல் அடிபடும்.

விசிறித் தண்டை அசையாது பிடித்து, செங்குத்துத் தண்டில் கட்டிய கைக்கோலின்மேல் டயல் கேஜின் முள்ளை நிறுத்தி இதை அளப்பர். முள் தொடும் ஆரம் பல்லின் ஆரத்தைவிட ஒன்றரை மடங்கானால் அளவும் ஒன்றரை மடங்காகவே காட்டும் என்பதை மறக்கலாகாது. உரிய அளவு எதுவென்பது அந்தந்த மோட்டாரின் கையேட்டில் இருக்கும்; ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மேலே கூறிய 13, 27 பற்களுள்ள இணையில் 20 பாகை அழுத்தக் கோணமுடைய நேர்ப்பற்களை எடுத்துக்கொள்வோம். பெரிய சக்கரத்தை 0.1 மில்லிமீட்டர் நகர்த்தினால் பேக்லாஷ் 0.065 அளவு மாறும். பினியனை அதே அளவு நகர்த்தினாலோ மாற்றம் 0.03 மட்டுமே. ஆகவே, பினியன் இடம் தவறி நின்றாலும், பெரிய சக்கரத்தின் ஷிம்மைச் சிறிது மாற்றிப் பேக்லாஷைச் சரியாகக் காட்டிவிட இயலும். அளவுகோல் குற்றமில்லை என்று சொல்லும்; பற்களோ ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

இதை வெளிப்படுத்துவது பிரஷ்ய நீலம். அதைப் பற்களில் மெல்லப் பூசி, சிறிது தடை கொடுத்துக் கையால் சுழற்றினால் தொடுமிடம் தெளிவாகப் பதியும். பல்லின் உயரத்தில் நடுவிலும், நீளத்தில் உள்முனையைச் சற்றே சார்ந்தும் பதிவு அமைதல் நன்று. சுமை ஏறும்போது அது வெளிமுனை நோக்கி நகரும். முகட்டிலோ வேரிலோ பதிந்தால் பினியனின் ஷிம்மை மாற்றி, அளவு முழுவதையும் மீண்டும் தொடங்குவதே வழி. அரை நாள் வேலை கூடும் என்று பட்டறைக்காரர் முணுமுணுக்கலாம். மறுபடியும் உடையும் சக்கரத்துக்கு ஆகும் செலவோ அதனினும் பெரிது.

பெட்டியை மூடிப் புது எண்ணெய் நிரப்பிய பின், முதற் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயை மீண்டும் வடித்தல் வேண்டும். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லப் படிந்திருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் சில்லு ஒன்று இருந்தாலும் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.