கட்டிப்போட்டால் குட்டிபோடும்

ரணகள்ளி இலை ஒன்றைப் பறித்து, நூலில் கட்டி, சன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். மண் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சில நாளில் இலையோரத்துப் பள்ளங்களிலிருந்து வேரும் துளிருமாகக் குட்டிச் செடிகள் கிளம்பும். இதைப் பார்த்த யாரோதான் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று பெயரிட்டிருக்க வேண்டும். மலையாளிகளுக்கு இது இலமுளச்சி. ஜெர்மானியர்களுக்குக் கதே செடி. கவிஞர் கதே இதன் இலைகளை நண்பர்களுக்கு அனுப்பி முளைக்க வைப்பாராம்.

ரணத்துக்கு வைத்துக் கட்டுவதால் ரணகள்ளி. ஆனால் கள்ளி இனமே அல்ல. கிள்ளினால் பால் வராது, முள்ளும் கிடையாது. பூர்வீகம் மடகாஸ்கர்.

ஊர்மக்கள் கண்ணால் கண்டதைப் பெயராக்கினார்கள். பெஞ்சமின் ஹெய்ன் இலையை மென்று பார்த்தார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவரங்களை ஆராய்ந்தவர் அவர். காலையில் இந்த இலை நன்றாகப் புளிக்கிறது, உச்சிவேளையில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்தப் புளிப்புக்குள்தான் செடியின் சாமர்த்தியம் இருக்கிறது. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். அதே துளை வழியாகத் தண்ணீரும் ஆவியாகிப் போகும். ரணகள்ளி பகலில் பெரும்பாலும் துளைகளை மூடிக்கொள்கிறது. வெயில் தாழ்ந்து இரவு வந்ததும் திறந்து, வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் செல்களில் சேர்த்து வைக்கிறது. ஆப்பிளின் புளிப்பும் இதே அமிலம்தான். விடிந்ததும் அமிலத்தை உடைத்து, உள்ளேயே கிடைக்கும் வாயுவைக் கொண்டு வெயிலில் உணவு சமைக்கிறது. சாயங்காலத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும், புளிப்பும் போய்விடும். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் பிரண்டையும் இந்த வித்தை தெரிந்தவைதான். மொட்டைப் பாறையிலும் கோடையைத் தாண்டுவது இதனால்தான். ஆனால் ஓர் இரவில் சேர்க்க முடிகிற அமிலம் கொஞ்சமே என்பதால், இப்படி வாழும் செடிகள் பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும்.

சிறுநீரகக் கல்லுக்கு நல்லதென்று வெறும் வயிற்றில் ரணகள்ளி இலையை மெல்பவர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் இதில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இந்தக் குடும்பத்துச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. ஹெய்ன் செய்த சோதனையைச் செய்து பார்க்க நாக்கு தேவையில்லை. பள்ளி ஆய்வகத்து பி.எச். தாள் போதும். விடியற்காலையில் ஒரு இலை, சாயங்காலம் ஒரு இலை, இரண்டையும் கசக்கிச் சாற்றைத் தொட்டு வைத்தால் நிற வித்தியாசம் தெரியும்.