கருவிக் கொட்டகைக்கு ஏற்ற அலமாரி

முன்னாளில் உழவரின் கருவிகள் கலப்பை, மண்வெட்டி, கூடை, கயிறு என்ற அளவில் இருந்தன. தாழ்வாரமே அவற்றுக்குப் போதுமானதாயிருந்தது. இன்றோ டிராக்டர் கொட்டகையிலும் மோட்டார் கொட்டகையிலும் ஸ்பானர்களும் கிரீஸ் டப்பாவும் தெளிப்பானும் உரமும் பூச்சிமருந்தும் விதைப் பொட்டலங்களும் ஒரே மூலையில் குவிந்து கிடக்கக் காண்கிறோம். அலமாரி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதை எப்பொருளால் செய்வது என்று ஆராயாமல், வீட்டுக்குள் இருப்பதைப் போன்ற ஒன்றை வாங்கி வைத்து இரண்டு மழைக்காலத்தில் இழந்துவிடுகிறோம். கொட்டகையின் ஈரமும் வெயிலும் கரையானும் வேறு. வீட்டின் நிலைமை வேறு.

மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தேக்கு என்றவுடன் கரையான் தொடாது என்று எண்ணுவது முழு உண்மையன்று. அதன் வைரப் பகுதிக்கே அந்த ஆற்றல் உண்டு; வெளிறிய மேற்பகுதியைக் கரையான் அரித்துவிடும். விலை மலிவாகக் கிடைக்கும் தேக்குப் பலகையில் இந்த வெளிறே மிகுதி என்பதைக் கவனித்து வாங்க வேண்டும். நன்கு முதிர்ந்து உலர்ந்த வேம்பு, கொட்டகைத் தட்டுகளுக்குப் போதுமானது. பனையில் நிலைமை நேர்மாறானது: வைரம் வெளிப்புறத்திலும் சோறு உட்புறத்திலும் இருக்கும். வெளியே வயிரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வயிரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் அன்றே பிரித்துவைத்தது. நம் தச்சரும் அதை அறிந்தே பனஞ்சட்டத்தின் உட்சோற்றைச் செதுக்கி நீக்குகிறார். ஆயினும் அலமாரிக்கென்று பனையை வெட்டுதல் தகாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் கைமரங்களே சட்டத்துக்குப் போதும்.

எம்மரமாயினும் கால்கள் மண்தரையில் நிற்கலாகாது. கரையான் பெரும்பாலும் நிலத்திலிருந்து மண்புற்று வழி அமைத்தே ஏறுகிறது. கல்லின்மீது கால்களை நிறுத்தி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால், புற்று வழி கண்ணுக்குத் தெரியும்; உடனே தட்டிவிடலாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் பார்வைக்கு அழகாயிருக்கும். தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். கொட்டகைக்கு அவை வேண்டவே வேண்டா. பிளைவுட் வாங்குவோர் பலகையின்மேல் உள்ள முத்திரையைப் படிக்க வேண்டும். பொது உபயோகத்துக்கான பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்ற எண்ணும், கடல் நீரையும் தாங்கும் வகைக்கு ஐ.எஸ். 710 என்ற எண்ணும் உண்டு. ஈரமுள்ள இடத்துக்குப் பின்னதே ஏற்றது.

இரும்பு அலமாரி எலிக்கும் கரையானுக்கும் அஞ்சாது. தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வது பட்டறை வழக்கம். எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை அறியாமல் ஏமாறுவோர் பலர். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர்தான். ஆகவே கனத்தை மில்லிமீட்டரிலேயே கேட்டு எழுதி வாங்குவது நலம். துத்தநாகம் பூசிய தகடு துரு ஏறாமல் நெடுநாள் இருக்கும். ஆனால் பற்றவைத்த இடத்தில் அப்பூச்சு எரிந்துபோவதால், அங்கு மீண்டும் துருத்தடுப்பு வர்ணம் பூச வேண்டும்.

இரும்புக்கும் சில பகைகள் உண்டு. பொட்டாஷ் முதலிய உரங்கள் ஈரத்தை ஈர்த்துக் கசிந்தால், தகட்டை அரித்துவிடும். மயில் துத்தம் அதனினும் கொடியது. போர்டோ கலவை செய்தவர்கள் இதை அறிவார்கள்: கலவையில் துத்தம் மிகுந்துள்ளதா என்று பார்க்கத் தீட்டிய கத்தியை நனைத்தால், செம்பு படிந்து செந்நிறமாகும். கத்திக்கு நேர்வதே அலமாரித் தட்டுக்கும் நேரும். இத்தகைய பொருள்களுக்குச் சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டே சிறந்தது. கரையான், துரு, ஈரம் ஆகிய எதுவும் அதற்குப் பொருட்டன்று. அதுவும் சுண்ணாம்புக்கல் இனமாதலால், டிராக்டர் பேட்டரியை மட்டும் அதன்மேல் வைக்கலாகாது; அமிலம் சிந்தினால் நுரைத்து அரிக்கும். பேட்டரியின்கீழ் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கட்டும்.

பூச்சிமருந்தின் செய்தி இவை எல்லாவற்றினும் பெரிது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில், பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் வெளிப்பட்டது. நஞ்சும் உணவும் அருகருகே இருக்கும் இடங்கள் நம் ஊர்களில் இல்லை என்று கூற முடியுமா? மருந்துகளைத் தனி அறையிலோ, பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. இந்த அலமாரிக்கு மரம் உதவாது. சிந்திய மருந்தை மரம் உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. வர்ணம் பூசிய இரும்புத் தகடே தக்கது. மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். தூள் மருந்து மேல்தட்டிலும், திரவ மருந்து கீழ்த்தட்டிலும் இருந்தால், புட்டி ஒழுகினாலும் தூள் கெடாது. வேறு புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். சாவி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில், பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருத்தல் அவசியம். குடும்பத்தில் எவரேனும் மனம் நொந்திருக்கும் வேளையில் அந்தப் பூட்டு ஓர் உயிரையே காக்கக்கூடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். குடிநீர்த் தொட்டிக்கான பிளீச்சிங் பவுடரை, பதிவேடுகள் உள்ள இரும்பு பீரோவின் பக்கத்தில் வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அதிலிருந்து வெளிப்படும் குளோரின் பீரோவை அரிக்கும். வெப்பமும் ஈரமும் பட்டால் பவுடரும் வீரியம் குன்றிவிடும். அதை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் இட்டு, நிழலும் காற்றோட்டமும் உள்ள தனி இடத்தில், கல் மேடையின்மேல் வைக்க வேண்டும். யூரியா, பெட்ரோல், எண்ணெய் ஆகியவை அதன் அருகில் வரலாகாது. கலந்தால் தீயோ வெடிப்போ நேரும். அடுத்த முறை அலமாரிக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, இரும்பு அலமாரி ஒன்று என்று மட்டும் எழுதாமல், தகட்டின் கனம், துத்தநாகப் பூச்சு, உள்ளே வைக்கப்போகும் பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால், ஒப்பந்தக்காரரிடம் சரியானதைக் கேட்டுப் பெறலாம்.